மஞ்சள் கடுதாசியும் மானமும்

நமது ஆலங்குளம் பக்கத்திலும், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களிலும் ஒருவன் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று சேதி பரவினால், அவன் வீட்டில் எழவு விழுந்துவிட்டது போல்தான் ஊரார் பேசிக்கொள்ளுகின்றார்கள். மஞ்சள் கடுதாசி என்பதெல்லாம், தன்னைக் கடன் கொடுக்கச் சக்தியற்றவன், அதாவது இன்சால்வென்ட் என்று தீர்மானிக்கும்படி ஒருவன் கோர்ட்டில் மனுச் செய்து, அது கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீசாகப் போய்ச் சேருவதேயாகும். கோர்ட்டு வழக்கில் இதற்கு ஐ.பி. என்று பெயர். முன்னே நோட்டீசு மஞ்சள் தாளில் வந்ததால் இந்தப் பெயர் ஏற்பட்டதென்று சொல்லுவார்கள். தாளின் நிறம் எதுவானாலும் அதில் ஒட்டிவைத்திருக்கும் அவமானம் மாத்திரம் நாம் ஒட்டிவைத்ததே தவிர சட்டம் ஒட்டிவைத்ததல்ல.

இந்த அவமானத்துக்குப் பயந்து யோக்கியன் என்ன செய்கின்றான்? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகின்றான். வார வட்டி, மீட்டர் வட்டி என்று மேலும் மேலும் குழியில் இறங்குகின்றான். பெண்டு பிள்ளைகளோடு இரவோடிரவாக ஊரை விட்டு ஓடுகின்றான். கடைசியில் உயிரையே விடுகின்றான். 2017ஆம் வருஷம் அக்டோபர் 23ந் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் கந்துவட்டிக் கொடுமை தாளாத ஒரு கூலித் தொழிலாளியும், அவர் மனைவியும், உலகமறியாத இரண்டு பெண் குழந்தைகளும் தீயில் வெந்து மாண்டதை நாம் மறந்துவிட முடியுமா? அதற்கு 14 வருஷங்களுக்கு முன்பே, 2003இல், அநியாய வட்டியைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தது, அதை உபயோகிக்கத் தெரியாத ஜனங்களும், தெரிவிக்க மனமில்லாத பெரிய மனிதர்களும் இருந்தார்கள் என்றே சொல்லவேண்டியிருக்கின்றது.

வேறு சிலர் கடனைத் தலைவிதி என்கின்றார்கள். சனி திசை என்கின்றார்கள். கடன் தீர்க்கும் சாமி இருப்பதாகச் சொல்லித் திருச்சேறைக்குப் பஸ் ஏறுகின்றார்கள். பஸ் சார்ஜுக்கும் அர்ச்சனைத் தட்டுக்கும் வாங்கின கைமாற்றும் சேர்ந்து கடன் ஏறிற்றேயொழிய இறங்கினதாக நாம் அறியோம். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் கடன் எப்படி வருகின்றதென்று நம் கண்ணுக்கே தெரிகின்றதே! கூலிக்காரன் கலியாணத்துக்கும் வைத்தியத்துக்கும் முன்பணம் வாங்குகின்றான். சிறு முதலாளி தீபாவளிக்குச் சரக்கைக் கடனுக்கு அனுப்பிவிட்டு, வெளியூர் ஏஜெண்டு பணம் அனுப்புகிறவரை வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கின்றான். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தபோது, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. இதில் எந்தச் சனி வந்து உட்கார்ந்தது?

நிற்க, பணக்காரர்கள் மஞ்சள் கடுதாசியை எப்படிக் கருதுகின்றார்கள் என்று பாருங்கள். 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் என்னும் வெள்ளைக்காரக் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்புப் பணத்தோடு இன்சால்வென்டாகி விழுந்தது. அதன் முதலாளி மோசடிக்காக ஜெயிலுக்குப் போனாரேயொழிய, கடன்பட்ட அவமானத்துக்காகத் தூக்குக் கயிற்றைத் தேடவில்லை. இக்காலத்தில் பெருங் கம்பெனிகள் திவாலானால் 2016ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி தனிக் கோர்ட்டுக்குப் போகின்றன. அந்த வழியாகத் தீர்ந்த கம்பெனிகளில், கடன் கொடுத்தவர்கள் கேட்ட தொகையில் சுமார் மூன்றிலொரு பங்குதான் திரும்பி வந்திருக்கின்றதென்று அதற்கான வாரியத்தின் கணக்குகளே காட்டுகின்றன. மீதியை விட்டுக்கொடுத்ததற்கு எந்த முதலாளி வீட்டில் பெண்ணெடுக்க மறுத்தார்கள்? ஆகவே கோடி ரூபாய்க் கடன் "தொழில் நஷ்டம்" என்றும், ஐம்பதாயிரம் ரூபாய்க் கடன் "மானக்கேடு" என்றும் சொல்லுகின்ற இந்த மானம் யாருக்காக ஏற்பட்ட மானம் என்று கேட்கின்றோம்.

சாதாரண மனிதனுக்கும் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கின்றது. சென்னைப் பட்டணத்துக்கு 1909ஆம் வருஷத்துச் சட்டம். அங்கே ஹைகோர்ட்டுக்குப் போகவேண்டும். நம்மைப் போன்ற வெளி ஜில்லாக்காரர்களுக்கு 1920ஆம் வருஷத்து மாகாண இன்சால்வென்சி சட்டம். குடியிருக்கும் இடமோ தொழில் செய்யும் இடமோ எந்தக் கோர்ட்டு எல்லையில் இருக்கின்றதோ அங்கே மனுச் செய்யவேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் தலைமைக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கின்றது. அதிகாரம் கொடுக்கப்பட்ட சார்பு நீதிமன்றங்களும் இம்மனுக்களை விசாரிக்கலாம்.

கடன் 500 ரூபாய்க்குக் குறையாமலிருந்தாலும், டிக்ரிக்காகக் கைதானாலும், சொத்து ஜப்தியிலிருந்தாலும் கடனாளி மனுக் கொடுக்கலாம். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, தன் சொத்து என்ன, எங்கே இருக்கின்றது என்று ஒன்று விடாமல் எழுதவேண்டும். கோர்ட்டு ஒப்புக்கொண்டு இன்சால்வென்டாகத் தீர்மானித்தால், அவன் சொத்து கோர்ட்டின் வசமோ ரிசீவர் வசமோ போகும். அதன் பிறகு கடன்காரர் கோர்ட்டு அனுமதியின்றி அவன் மேல் தனி வழக்குப் போட முடியாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் சாமான், கூலிக்காரன் கூலி ஆகியவற்றில் சட்டம் கை வைப்பதில்லை. மதப்படி கழற்றக்கூடாத நகையையும் விட்டுவிடுகின்றது. மதத்துக்கு இவ்வளவு மரியாதை செய்யும் சட்டம், ஏழையின் அடுப்புக்கும் உளிக்கும் அதே மரியாதையைச் செய்கின்றது என்பதை ஊரார் அறியவேண்டும்.

கந்துவட்டிக்காரன் இந்த வாசலைக் கண்டு பயப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. கோர்ட்டில் அவன் தன் கடனை ருசுப்படுத்தவேண்டும். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்தாயிரத்தை லட்சமாக்கினவன், கொடுத்ததெவ்வளவு, பிடித்த வட்டியெவ்வளவு என்று கூண்டிலேறிச் சொல்லவேண்டும். திண்ணையில் மீசை முறுக்குவது சுலபம். கூண்டில் கணக்குச் சொல்லுவது அவ்வளவு சுலபமல்ல.

ஆனால் மனுக் கொடுத்தவுடனே கடன் தீர்ந்துவிட்டதென்று நினைத்து வீட்டில் படுத்துவிடக் கூடாது. கைதாகாமலிருக்கப் பாதுகாப்பு உத்தரவு தனியே கேட்கவேண்டும். கோர்ட்டு குறித்த கெடுவுக்குள் விடுதலை உத்தரவுக்கு மறுபடியும் மனுச் செய்யவேண்டும். தவறினால் முதல் தீர்ப்பே ரத்தாகும். சர்க்கார் பாக்கியும், மோசடியால் வந்த கடனும், ஜீவனாம்சமும் விடுதலையிலும் தீராது. அடமானம் பிடித்தவன் அடமானத்தை விடமாட்டான். ஜாமீன் போட்டவனும் தப்பமாட்டான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்று பின்வாங்கவேண்டியதில்லை. 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிகளுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு.

இனி, "ஐ.பி. என்றாலே ஏமாற்று" என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏமாற்றுக்காரர்கள் இருக்கின்றார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. தோட்டத்தை மைத்துனன் பேருக்கு எழுதிவிட்டு வெறுங்கையை விரிக்கிறவனைப் பார்த்திருக்கின்றோம். ஆனால் அவனைப் பிடிக்கும் கயிறும் இதே சட்டத்தில்தான் இருக்கின்றது. இரண்டு வருஷத்துக்குள் கிரயமின்றி எழுதிவைத்ததை ரத்துச் செய்யலாம். மூன்று மாதத்துக்குள் வேண்டிய ஒரு கடன்காரனுக்கு மாத்திரம் சாதகமாகத் தீர்த்ததையும் உடைக்கலாம். சொத்தை மறைத்தவனை ஒரு வருஷம் வரை ஜெயிலுக்கு அனுப்பலாம். சீட்டுப் பணத்தோடு இரவில் ஓடிப்போனவனை இன்சால்வென்டாக்கும்படி, கடன் கொடுத்தவர்களே சேர்ந்து மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுக்கலாம். கடன்காரருக்குத் தப்ப வீட்டை விட்டு ஓடுவதே அதற்குப் போதுமான காரணம்.

இந்த விவரங்கள் இரகசியமுமல்ல. இன்சால்வென்டின் பெயர், விலாசம், தீர்மானமான தேதி, விடுதலை கேட்கவேண்டிய கெடு, கோர்ட்டின் பெயர் ஆகியவை சர்க்கார் கெஜட்டில் வெளியாகவேண்டுமென்பது சட்டம். இப்போது இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரையும் வருஷத்தையும் கொடுத்துச் செல்போனிலேயே தேடலாம். பழைய வழக்கானால் கோர்ட்டு ஆபீசில் நகல் மனுப் போடவேண்டும். ஆனால் பெயரை மாத்திரம் பார்த்து ஒருவனைத் தூற்றிவிடாதீர்கள். ஆலங்குளம் என்றே இரண்டு ஊர் இருக்கின்றது. ஒன்று நம்முடையது, மற்றொன்று 2019 வரை திருநெல்வேலியிலும் இப்போது தென்காசியிலும் சேர்ந்தது. நம் மாவட்டமே 1985 வரை ராமநாதபுரத்தோடிருந்தது. ஆதலால் தகப்பன் பெயரையும், ஊரையும், கோர்ட்டையும் ஒத்துப் பார்க்கவேண்டும். விடுதலையாகிவிட்டானா என்பதையும் பார்க்கவேண்டும்.

இச்சட்டத்தின் குறைகளையும் மறைக்க மாட்டோம். முதலாளி இன்சால்வென்டானால் தொழிலாளியின் நாலு மாதக் கூலிப் பாக்கியில் முன்னுரிமை 20 ரூபாய் வரைதான் என்று 1920இல் எழுதிவைத்தார்கள். அந்த இருபது ரூபாய்க்கு இக்காலத்தில் இரண்டு டீயாவது வருமா? 2016ஆம் வருஷத்துச் சட்டத்தில் பரம ஏழைக் கடனாளிக்கென்றே ஒரு பகுதி எழுதினார்கள். வருஷ வரும்படி 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000க்கும், கடன் 35,000க்கும் மேற்படாத, சொந்த வீடில்லாதவன் சுலபமாய்க் கடனிலிருந்து விடுபட வழி சொன்னார்கள். ஆனால் தனி மனிதருக்கான பகுதியில், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் விஷயத்தை மாத்திரம் 2019 டிசம்பர் 1 முதல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழையின் பகுதி ஏட்டோடு நின்றது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நம்மவர்கள் இதை முதலில் கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. விடுதலையாகாத இன்சால்வென்ட் பஞ்சாயத்துக்கோ சட்டசபைக்கோ நிற்க முடியாது. ஆனால் விடுதலையாகும்போது, இவன் கஷ்டம் கெட்ட நடத்தையால் வந்ததல்ல, துர்ப்பாக்கியத்தால் வந்தது என்று கோர்ட்டே சர்டிபிகேட் கொடுத்தால், உள்ளூர் ஸ்தாபனங்களுக்கான அத்தடை நீங்கும் என்று அந்த 1920ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லுகின்றது. நூறு வருஷங்களுக்கு முன் ஒரு அந்நிய சர்க்கார், நஷ்டப்பட்டவன் வேறு, நடத்தை கெட்டவன் வேறு என்று பிரித்துப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரனோடு பிறந்து வளர்ந்த நாம் அப்படிப் பிரித்துப் பார்க்கக் கூடாதா? கடன்பட்டவன் பிணமாவது மானமல்ல. உள்ளதை உள்ளபடி எழுதிக் கோர்ட்டில் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து வீடு திரும்புவதே மானம் என்பது நமது அபிப்பிராயம்.