காடு காப்பதும் நம் கோரிக்கைதான்

காட்டைப் பற்றிப் பேச்செழுந்தால், அது வனத்துறைக்காரர் விவகாரம், நமக்குக் கூலியும் போனஸும் கிடைத்தால் போதும் என்று ஒதுங்கும் பழக்கம் நம் சங்கங்களில் உண்டு. இது சரியல்ல. கோடையில் குடம் தூக்கி அலையும் நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். காடு யாருடைய பிரச்சனை என்று சொல்வார்கள்.

மூணாறு, வட்டவடை மலைகளில் சரிவெல்லாம் புல், மடிப்புகளில் சோலை. மழைநீரைப் புல்வேர் மண்ணுக்குள் இறக்கும். சோலையின் சருகு மெத்தை அதைத் தேக்கி, கோடையிலும் ஊற்றாகக் கசியவிடும். யாரும் கட்டாத அணை அது. அந்தப் புல்வெளியில் தேயிலை உலர்த்தும் விறகுக்காகக் கம்பெனிகள் யூக்கலிப்டஸ் நட்டன. காகித ஆலைக்காக வனத்துறையும் நட்டது. பூண்டுக்கும் கேரட்டுக்கும் விலை நிலைக்காதபோது, சிறு விவசாயியும் கிராண்டீஸ் நட்டார். வேகமாக வளரும் மரம் நீரையும் வேகமாகக் குடிக்கும். ஊற்றுகள் வற்றிய கதையை வட்டவடை விவசாயிகளே சொல்வார்கள்.

வட்டவடை மலைநீர் பாம்பாற்றில் சேர்ந்து, கிழக்கே அமராவதி அணைக்குப் போகிறது. உடுமலை, தாராபுரம் வயல்களில் பாய்கிறது. 2007ல் காவிரி நடுவர் மன்றம் பாம்பாற்றில் கேரளத்துக்கு 3 டி.எம்.சி. என்று பங்கு வைத்தது. பங்கைப் பற்றி இரு மாநிலத் தலைவர்களும் முழங்குகிறார்கள். நீர் சுரக்கும் மலையைப் பற்றி யார் பேசுகிறார்? பசுவைப் பட்டினி போட்டுவிட்டுப் பாலில் பங்கு கேட்பது போன்றதல்லவா இது?

மழை மிஞ்சினாலும் அடி நமக்குத்தான். 1924 பெருவெள்ளம் மூணாற்றில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையையே அடித்துச் சென்றது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேரை இழந்தோம். அத்தகைய பெருமழையை எந்தக் காடும் முழுதாகத் தடுத்துவிடாது என்பது உண்மை. ஆனால் மலைநீர் இறங்கும் வழியில் லயம் கட்டிக் குடிவைத்தது யார்? தொழிலாளியா?

மலையை மொட்டையடித்த லாபம் ஒரு பக்கம் போனது. 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பட்டம் நம் பக்கம் வருகிறது. காடு காப்பதென்றால் ஏழையை இறக்கிவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு அட்டப்பாடி பதில் சொல்லும். மரம் வெட்டி மொட்டையான அந்த மலையில், 1990களின் பிற்பகுதியில் ஜப்பான் கடனுதவியுடன் அஹாட்ஸ் திட்டம் தொடங்கியது. ஊர்க் குழுக்கள் மூலம் ஆதிவாசி மக்களே கூலிக்கு மரம் நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள். வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் தண்ணீர் ஓடியது. மக்களை விரட்டாமல், வேலையும் பொறுப்பும் கொடுத்து மீட்ட நீர் அது.

எனவே நாம் கேட்பது இவை:

கிராண்டீஸை அகற்றிப் புல்லும் சோலையும் மீட்கும் வேலையை உள்ளூர் மக்களுக்கே நியாயக் கூலியில் கொடு. மரத்தை நம்பிய சிறு விவசாயிக்கு நஷ்டஈடு கொடு.

ஓடைவழியிலும் சரிவடியிலும் உள்ள லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டிக் கொடு.

தண்ணீர், வனம் பற்றி முடிவெடுக்கும் குழுக்களில் தொழிலாளர் பிரதிநிதிக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இடம் கொடு.

வரும் கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கூலி உயர்வுக்கு அணிவகுத்த நாம், கூலி வாங்கி உண்ணும் சோற்றுக்கு வேண்டிய தண்ணீருக்காகவும் அணிவகுக்க வேண்டும்.