செல்போன் விளக்கில் ஒரு மஞ்சள் பொட்டு!
அதற்குள் ஓர் உலகப் போட்டி

உங்கள் வீட்டுச் செல்போனைத் திருப்பிப் பாருங்கள். டார்ச் விளக்கு எரியும் இடத்தில், விளக்கு அணைந்திருக்கும்போது ஒரு மஞ்சள் பொட்டு தெரியும்.

அது சாயம் அல்ல. பெரும்பாலும் அது ஒரு வகைப் படிகத்தின் தூள். வீட்டில் எரியும் எல்.இ.டி. பல்புக்குள்ளும் இத்தகைய தூள்தான் இருக்கிறது.

இந்தத் தூளுக்கு வேண்டிய உலோகம், யிட்ரியம். அதை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 2025 ஏப்ரல் 4-ந் தேதி சீனா உத்தரவு போட்டது.

நம் வீட்டு விளக்குக்கும் சீனாவின் உத்தரவுக்கும் என்ன சம்பந்தம்?

கற்கண்டு போல வளரும் கல்

'அபூர்வ மண் உலோகங்கள்' என்று ஒரு கூட்டம் உண்டு. மொத்தம் 17. அவற்றில் ஒன்று யிட்ரியம். சுவீடன் நாட்டில் இட்டர்பி என்ற ஊரில் 1787-ல் கிடைத்த ஒரு கறுப்புக் கல்தான் அதைக் காட்டிக் கொடுத்தது. ஊரின் பெயரே உலோகத்தின் பெயராயிற்று.

யிட்ரியம் அணு 3, அலுமினியம் அணு 5, பிராணவாயு அணு 12. இந்தக் கணக்கில் சேர்ந்தால் ஒரு படிகம் உண்டாகிறது. அதைச் சுருக்கமாக 'யாக்' என்கிறார்கள். அணுக்கள் கோலப்புள்ளி போல வரிசை தப்பாமல் நிற்கின்றன. எந்தத் திசையில் ஒளி போனாலும் ஒரே விதமாகப் போகும். கல்லோ மிகவும் கடினம். ஒரு காலத்தில் இதைப் பட்டை தீட்டிப் போலி வைரமாகவே விற்றார்கள்!

கற்கண்டு எப்படி உண்டாகிறது? சர்க்கரைப் பாகில் தொங்கும் நூலைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. யாக் கல்லும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இந்தப் பாகின் உஷ்ணம் சுமார் 1,950 டிகிரி! இரும்பே 1,538 டிகிரியில் உருகிவிடும். ஆகவே இரிடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தால் செய்த குவளை வேண்டும். ஒரு சிறு படிகத்தைப் பாகில் தொடவைத்து, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுக்கிறார்கள். விரல் நீளம் வளரப் பல நாள் ஆகும்.

விளக்குக்கான தூளுக்கு இந்தப் பாடு இல்லை. பொடிகளைக் கலந்து உலையில் சுட்டு எடுக்கிறார்கள்.

ஒரு சிட்டிகை செய்யும் ஜாலம்

சுத்தமான யாக் கல்லுக்கு நிறம் இல்லை. அதில் இன்னொரு அபூர்வ மண் உலோகத்தைச் சிட்டிகை சேர்த்தால் குணமே மாறிவிடும்.

சீரியம் சேர்த்தால், நீல ஒளியை வாங்கி மஞ்சள் ஒளியாகத் தரும். எல்.இ.டி. விளக்கில் முதலில் பிறப்பது நீல ஒளியே. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன.

நியோடிமியம் சேர்த்தால், லேசர் பிறக்கிறது. இதை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் செய்து காட்டினார்கள்.

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்குச் சில காலம் கழித்து மறுபடி பார்வை மங்கும். உள்ளே வைத்த லென்சுக்குப் பின்னால் உள்ள மெல்லிய சவ்வு மங்கிப் போவதே காரணம். டாக்டர் யாக் லேசரால் அதில் ஒரு துளை போடுகிறார். கத்தி இல்லை. சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பூட்டு யார் கையில்?

பெயர்தான் அபூர்வம். இந்த உலோகங்கள் பூமியில் பல இடங்களில் இருக்கின்றன. ஆனால் இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். திரும்பத் திரும்ப அமிலத்தில் கரைத்துப் பிரிக்க வேண்டும்.

இந்த வேலையைச் சீனா பல ஆண்டுகளாகப் பழகிவிட்டது. உலகில் பிரித்தெடுக்கும் அபூர்வ மண் உலோகங்களில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேதான் பிரிக்கப்படுகிறது. அமெரிக்கா வரியை உயர்த்தியதும், சீனா இந்தப் பூட்டைப் போட்டது. அக்டோபரில் மேலும் 5 உலோகங்களைச் சேர்த்து, நவம்பரில் அதை மட்டும் ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது. யிட்ரியத்தின் பூட்டு அப்போதும் திறக்கப்படவில்லை.

நம் பல்பு நாளைக்கே அணைந்துவிடுமா? இல்லை. ஒரு பல்புக்கு வேண்டியது கடுகளவுதான். ஆனால் விளக்கும் மருத்துவமும் ஒரே நாட்டின் அனுமதிச் சீட்டை நம்பி நிற்பது நல்லதல்ல.

நம்மிடம் என்ன இருக்கிறது?

1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மோனசைட் என்ற தாது மின்னியது. கியாஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சி இந்த மணலுக்குப் பேர்போனது. 1950-ல் தொடங்கிய இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் அங்கே மணலைப் பிரிக்கிறது.

இந்தத் தாதுவில் சீரியமும் நியோடிமியமும் நிறைய உண்டு. யிட்ரியமோ மிகச் சொற்பம். மேலும், தோரியம் கதிர்வீச்சு உடையது. கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை 2024-ல் கடற்கரை மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் அச்சத்தைத் தீர்க்காமல் மணலில் கை வைப்பது முறையல்ல.

ஆகவே மண்ணைத் தோண்டுவது மட்டும் வழி அல்ல. பிரிக்கும் தொழிலும் வளர்க்கும் வித்தையும் வேண்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிகம் வளர்க்கும் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அங்கே கற்கும் பிள்ளைகளுக்கு நாட்டில் ஆலைகள் வேண்டும்.

சர்க்கரை இருந்தால் மட்டும் கற்கண்டு கிடைத்துவிடாது. பாகு காய்ச்சும் பக்குவம் தெரிய வேண்டும்!