அளக்கப்படாத ஓட்டம்

மேட்டூர் அணை திறந்த சில நாள்களில் கல்லணையும் திறக்கப்படுகிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நீர் பிரிகிறது. ‘புது ஆறு’ என்று மக்கள் வழங்கும் அக்கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தி மட்டும் பூதலூர் உழவருக்குப் போதுவதில்லை. எத்தனை கனஅடி என்று கேட்கிறார். கரை நிறைந்த நீர் தேங்கியும் நிற்கலாம். மெலிந்து தெரியும் நீர் விரைந்தும் ஓடலாம். ஆதலின் குறுக்குப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கியே அளவு சொல்லப்படுகிறது.

நுரையீரலைக் குறித்தும் இக்கேள்வி எழ வேண்டும். ஓய்விலிருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. மற்ற உறுப்புகள் அனைத்தும் பங்கிட்டுக்கொள்ளும் அளவை நுரையீரல் தனித்தே ஏற்கிறது. வலப்புறம் 55 விழுக்காடும் இடப்புறம் 45 விழுக்காடும் செல்வது இயல்பு. சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் இப்பங்கீட்டை அளந்து சொல்லாது.

எம்.ஆர்.ஐ. சொல்லும். காந்தப்புலத்தின் வலிமை இடத்திற்கிடம் மாறுமாறு அமைத்தால், அதனூடே நகரும் ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சைகை அவற்றின் வேகத்திற்கேற்ப விலகுகிறது. அவ்விலகலிலிருந்து வேகமும், படத்திலிருந்து நுரையீரல் தமனியின் குறுக்குப் பரப்பும் கிடைக்கின்றன. பெருக்கினால் கால்வாய்க் கணக்கேதான்! எக்ஸ் கதிர் இல்லை. இவ்வளவீட்டிற்கு ஊசிமருந்தும் வேண்டியதில்லை.

பெருந்தமனியில் எளிதான இவ்வேலை நுரையீரல் திசுவிற்குள் கடினமாகிறது. அங்கே காற்று மிகுதி, நீர் குறைவு. காற்றும் திசுவும் சந்திக்கும் எண்ணற்ற எல்லைகளில் காந்தப்புலம் சீர்குலைவதால், சைகை ஓரிரு மில்லி வினாடிகளில் மங்கிவிடுகிறது. காடோலினியம் மருந்தைச் செலுத்திப் படமெடுப்பது ஒரு வழி. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு அதில் எச்சரிக்கை தேவை. மருந்தே வேண்டாத வழியொன்றை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டனர். மூச்சை அடக்கச் சொல்லாமல் தொடர்ந்து படமெடுத்து, மூச்சின் தாளத்தையும் இதயத் துடிப்பின் தாளத்தையும் கணிதத்தால் அவர்கள் பிரித்தனர்.

இக்கருவியை எல்லா நோய்க்கும் பரிந்துரைப்பது பேதைமை. நுரையீரல் தமனியில் குருதிக்கட்டி அடைத்து மூச்சுத்திணறலுடன் வருபவருக்கு விரைந்து முடியும் சி.டி. ஸ்கேனே உரியது. ஆனால், இதயக் குறையோடு பிறந்து, உடல் நீலம் பாரித்து, இளமையிலேயே அறுவை மருத்துவம் பெற்ற பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுள் பலருக்கு நுரையீரல் தமனி வால்வு பிற்காலத்தில் கசிகிறது. முன்சென்ற குருதியில் எவ்வளவு இதயத்திற்கே திரும்புகிறது என்பதைப் பல்லாண்டுகள் அளந்துவர வேண்டும். வால்வை மாற்றும் காலத்தைக் கணிப்பதில் அவ்வளவுக்குப் பெரும்பங்குண்டு. அப்பிள்ளைகளைத் திரும்பத் திரும்பக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது தகாது.

கருவி விலைமிக்கது, சிற்றூர்க்கு எட்டாது என்பர். இம்மறுப்பு முழுதும் சரியன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. கருவிகள் ஏற்கெனவே இயங்குகின்றன. பூதலூரிலிருந்து தஞ்சாவூர் தொடர்வண்டியில் சிறு தொலைவே. உள்நாட்டிலேயே உருவாக்கிய 1.5 டெஸ்லா கருவியும் 2023இல் அறிமுகமாயிற்று. குருதியோட்டத்தை அளக்கப் பெரும்பாலும் புதிய காந்தம் தேவையில்லை; அதற்குரிய மென்பொருள், பயின்ற கைகள், நேரம் ஆகியவையே தேவை. மூளைக்கும் முதுகெலும்புக்குமாக நீளும் வரிசையில் இப்பிள்ளைகளுக்கென வாரம் ஒரு முற்பகலையேனும் ஒதுக்கலாம். படத்தைக் கண்டு எழுதும் அறிக்கையில், வலப்புறம் எவ்வளவு, இடப்புறம் எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்னும் மூன்று எண்களும் இடம்பெற வேண்டும்.