எல்லை தாண்டினால் மாறும் சட்டம்: அமெரிக்காவில் குழந்தைகளின் கார் ஆசனம்

ஐக்கிய அமெரிக்காவில் பிள்ளை பிறந்து இரண்டொரு நாளில் தாயையும் சேயையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புறப்படும்போது பல வைத்தியசாலைகளில் தாதியர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: காரில் குழந்தை ஆசனம் இருக்கிறதா? பேரப்பிள்ளையைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மம்மாவுக்கு இது விளங்காது. "நான் மடியில வைச்சுக்கொண்டு வாறன்தானே, பச்சைப்பிள்ளையை ஏன் கட்டிப்போடுறியள்?" என்று கேட்பார்.

அன்பினால் எழும் கேள்விதான். இதே கேள்வியை 1977இல் டென்னசி மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும் கேட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த விடை தவறானது என்று அந்த மாநிலம் உணர நான்கு ஆண்டுகள் பிடித்தன.

முதல் சட்டமும் அதன் ஓட்டையும்

டென்னசியில் ரொபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை நல வைத்தியர் இருந்தார். ரதர்ஃபோர்ட் மாவட்டச் சுகாதாரத் துறையின் பணிப்பாளராகவும் பணியாற்றியவர். கார் விபத்துகளில் குழந்தைகள் இறப்பதைத் தடுப்பூசியால் தடுக்கக்கூடிய ஒரு நோயைப் போலவே அவர் பார்த்தார். குழந்தை ஆசனத்தைக் கட்டாயமாக்கும் சட்டமூலம் 1976இல் தோற்றது. மறு ஆண்டு நிறைவேறி, 1978 ஜனவரி 1ஆம் திகதி அமுலுக்கு வந்தது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பற்றிய அந்தச் சட்டமே அமெரிக்காவில் இவ்வகைச் சட்டங்களில் முதலாவது.

ஆனால் அதை நிறைவேற்றுவதற்காக ஒரு திருத்தத்தை ஏற்க வேண்டியிருந்தது. பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்திருந்தால் ஆசனம் தேவையில்லை என்பதே அது. பெற்றோரின் உரிமையில் அரசு தலையிடக்கூடாது என்று வாதிட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விட்டுக்கொடுப்பு. சாண்டர்ஸ் அந்தத் திருத்தத்துக்கு 'குழந்தை நசுக்கி' என்று பெயர் வைத்தார்.

அந்தப் பெயர் மிகையல்ல. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றால், அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து வைத்திருக்க ஏறக்குறைய நூறு கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. தாய் ஆசனப்பட்டி அணியாமல் இருந்தால், முன்னால் வீசப்படும் அவருடைய உடலே குழந்தையை நசுக்கிவிடும். 1981இல் டென்னசி அந்தத் திருத்தத்தை நீக்கியது. 1985ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களிலும் ஏதோவொரு குழந்தை ஆசனச் சட்டம் வந்துவிட்டது.

ஒரே நாடு, ஐம்பது சட்டங்கள்

பெற்றோரைக் குழப்புவது அந்த 'ஏதோவொரு' என்ற சொல்தான். ஆசனம் எப்படித் தயாரிக்கப்பட வேண்டும் என்பதை மத்திய அரசு தீர்மானிக்கிறது. அதற்கான 213ஆம் இலக்கத் தரம் 1971இலிருந்து நடைமுறையில் உள்ளது. அந்த ஆசனத்தில் எந்தப் பிள்ளை, எத்தனை வயதுவரை இருக்க வேண்டும் என்பதோ மாநிலங்களின் அதிகாரம். மத்திய அரசால் நிதி கொடுத்து ஊக்குவிக்க முடியும், கட்டளையிட முடியாது.

இதனால் என்ன நடக்கிறது? புளோரிடாவில் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கே குழந்தை ஆசனமோ பூஸ்டர் ஆசனமோ கட்டாயம். ஆறு வயது நிரம்பினால் காரின் ஆசனப்பட்டி போதும். அயல் மாநிலமான ஜோர்ஜியாவில் எட்டு வயது வரை ஆசனம் வேண்டும். 57 அங்குலத்துக்கு மேல் உயரமான பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரிலிருந்து ஆறு வயது மகளுடன் வடக்கே புறப்படும் ஒரு தந்தை, ஒரு மணித்தியாலம் முடியுமுன் சட்டத்தை மீறியவராகிவிடுவார். பொதுவாக, கார் எந்த மாநிலத்தில் ஓடுகிறதோ அந்த மாநிலத்தின் சட்டமே செல்லுபடியாகும்.

கலிபோர்னியா, நியூ ஜேர்சி, நியூயோர்க் ஆகிய மாநிலங்கள் இரண்டு வயது வரை பின்நோக்கிய ஆசனத்தை வலியுறுத்துகின்றன. கலிபோர்னியாவில் 40 இறாத்தல் எடையை அல்லது 40 அங்குல உயரத்தை எட்டிய பிள்ளைக்கு விதிவிலக்கு உண்டு. தென் டகோட்டாவிலோ ஐந்து வயதுடன் கட்டாயம் முடிந்துவிடுகிறது. 40 இறாத்தலைத் தாண்டிய பிள்ளைக்கு அதற்கு முன்பே ஆசனப்பட்டி போதும்.

பிள்ளையின் கழுத்தெலும்பு மாநில எல்லையில் முற்றிவிடுவதில்லை. மாறுவது சட்டமன்றத்தில் கிடைத்த வாக்குகளின் எண்ணிக்கை மட்டுமே. ஆகவே சட்டத்தைப் படிக்கும் பெற்றோர் ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும்: சட்டம் சொல்வது ஆகக் குறைந்த அளவு. அதற்குக் கீழே போனால் தண்டப்பணம். அதைப் பூர்த்தி செய்தால் பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்று எந்தச் சட்டமும் உறுதி தரவில்லை.

பிறந்தநாள் அல்ல, அளவு

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை பெரும்பாலான சட்டங்களைவிட முன்னே நிற்கிறது. இரண்டு வயது வரை பின்நோக்கிய ஆசனம் என்று 2011இல் சொன்ன கழகம், 2018இல் அந்த வயதையும் எடுத்துவிட்டது. ஆசனத் தயாரிப்பாளர் குறிப்பிடும் எடை, உயர எல்லையைப் பிள்ளை தொடும்வரை பின்நோக்கியே இருக்கட்டும் என்பது இன்றைய அறிவுரை. காரணம் எளிது. பச்சைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய காற்பங்கு. அதைத் தாங்கும் கழுத்து இன்னும் முற்றவில்லை. முன்பக்க மோதலில், பின்நோக்கிய ஆசனம் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஒன்றாகத் தாங்குகிறது.

அடுத்த கட்டம் ஐந்து முனைப் பட்டியுள்ள முன்நோக்கிய ஆசனம். அதன் எல்லையையும் தாண்டினால் பூஸ்டர். காரின் பட்டி வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிந்து, கழுத்தை உரசாமல் தோளின் நடுவால் போகும்வரை பூஸ்டர் தேவை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது 57 அங்குலம், அதாவது 145 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் நடக்கும். எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் எப்போதும் அது நேரலாம். பதின்மூன்று வயது வரை பின் ஆசனமே பாதுகாப்பு.

"எட்டு வயதாகிவிட்டது, இனி வேண்டாம்" என்று பிறந்தநாளன்று பூஸ்டரைத் தூக்கிப் போடும் வீடுகள் தவறுவது இந்த இடத்தில். சட்டத்துக்கு வயது எழுதுவது சுலபம், பொலிஸுக்குக் கேட்பதும் சுலபம். ஆனால் பட்டி பொருந்துவது வயதுக்கு அல்ல, உடலுக்கு.

மூன்றாவது பிள்ளை பற்றிய விவாதம்

இச்சட்டங்கள் இன்று வேறொரு திசையிலிருந்தும் கேள்விக்குள்ளாகின்றன. ஜோர்தன் நிக்கர்சன், டேவிட் சொலமன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரை ஒரு கணக்கை முன்வைத்தது. சாதாரண காரின் பின் ஆசனத்தில் மூன்று குழந்தை ஆசனங்கள் அடங்குவது கடினம். ஆகவே கட்டாய வயது கூடக்கூட, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் மூன்றாவதைத் தள்ளிப்போடுகின்றன. 2017இல் இச்சட்டங்களால் தடுக்கப்பட்ட குழந்தை மரணங்கள் 57. பிறக்காமல் போன குழந்தைகள் ஏறக்குறைய 8,000 என்பது அவர்களின் மதிப்பீடு. இன்றைய துணை ஜனாதிபதி ஜே.டி. வான்ஸ், 2023இல் செனட்டராக இருந்தபோது செனட் குழுக் கூட்டமொன்றில் இந்த வாதத்தைத் தொட்டுப் பேசினார்.

இதை வெறும் வேடிக்கையாக ஒதுக்கிவிட முடியாது. மூன்று பிள்ளைகளுக்காகப் பெரிய வாகனம் வாங்க வேண்டியிருப்பது வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உண்மையான சுமை. ஆனால் அந்தக் கணக்கு கட்டாய வயதை நீட்டிய சட்டங்களின் விளைவைப் பற்றியது. ஆசனத்தால் பயனில்லை என்று அது சொல்லவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டில், பயணிகள் கார்களில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் மரண ஆபத்தை ஆசனம் 71 வீதம் குறைக்கிறது. ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு 54 வீதம்.

சற்று வளர்ந்த பிள்ளைகளிடம்தான் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் மரணத்தைத் தடுப்பதில் ஆசனம் சாதாரணப் பட்டியைவிடச் சிறந்ததல்ல என்று பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2005இல் வாதிட்டார். அடுத்த ஆண்டு பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலை ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், மோசமாகப் பிழையாகப் பயன்படுத்தப்பட்ட ஆசனங்களை ஒதுக்கிப் பார்த்தால் மரண ஆபத்து 28 வீதம் குறைவு என்று கண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆசனத்தை வாங்குவதைவிட அதைச் சரியாகப் பொருத்துவதே பெரிய விடயம் என்பது தெரியும். ஏறத்தாழ 46 வீதமான ஆசனங்கள் ஏதோவொரு வகையில் பிழையாகப் பயன்படுத்தப்படுவதாக நெடுஞ்சாலை நிர்வாகமே கூறுகிறது. சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் ஒடுங்கிய, மலிவான ஆசனங்களும் அவற்றைப் பொருத்திக் காட்டும் இலவச நிலையங்களும் பெருக வேண்டும். வயதைக் குறைத்துப் பிள்ளையின் தலையில் சுமையை மாற்றி வைப்பது தீர்வாகாது.

பெற்றோர் செய்ய வேண்டியது

முதலில் ஆசனத்தின் கைநூலையும் காரின் கைநூலையும் படியுங்கள். ஆசனத்தைத் தயாரிப்பாளரின் அறிவுறுத்தல்படி பயன்படுத்த வேண்டும் என்று பல மாநிலச் சட்டங்கள் சொல்வதால், அந்தக் கைநூலும் சட்டத்தின் ஒரு பகுதிதான். பொருத்திய ஆசனம் பட்டி செல்லும் இடத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. தோள்பட்டியை விரல்களால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக்கூடாது. குளிர்காலத்தில் தடித்த மேலங்கிக்கு மேலால் பட்டி போடாதீர்கள். மோதலில் அங்கி நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். வரலாறு தெரியாத பழைய ஆசனத்தை வாங்காதீர்கள்.

உறவினர் நாடுகளிடையே பரவி வாழும் நம்மவர்களுக்கு இன்னொன்று. லண்டனில் அண்ணா வாங்கிய ஆசனம் ஐரோப்பியத் தரத்தில் மட்டும் செய்யப்பட்டிருந்தால் அமெரிக்காவில் செல்லாது. கனடாவில் வசிப்பவர்கள் தமது நாட்டின் பாதுகாப்பு முத்திரை இல்லாத ஆசனத்தை எல்லைக்கு அப்பால் மலிவாக வாங்கி வந்து பயன்படுத்தவும் முடியாது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2018ஆம் ஆண்டு வீதிப் பாதுகாப்பு அறிக்கை, குழந்தை ஆசனம் தொடர்பில் சிறந்த நடைமுறைக்கு ஈடான சட்டங்கள் கொண்ட நாடுகளாக 33ஐ மட்டுமே கணக்கிட்டது. இலங்கை அதில் இல்லை. இங்கே முன் ஆசனத்தில் அம்மாவின் மடியில் பிள்ளை இருந்து பயணிப்பதும், மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் இருந்து பாடசாலை போவதும் அன்றாடக் காட்சிகள். நாளை இங்கு ஒரு சட்டம் எழுதப்படும்போதும் "அம்மாவின் கையில் இருந்தால் பரவாயில்லை" என்று ஒரு வரி சேர்க்கும்படி யாராவது கேட்கக்கூடும். டென்னசி அந்த வரியை எழுதி, நான்கு ஆண்டுகள் வைத்திருந்து, பிறகு அழித்தது. அதை இங்கும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.