சிவப்புத் தொப்பியை மட்டும் பார்த்தோம்

2015 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியான ஏபிசியில் ‘ஏஜென்ட் கார்ட்டர்’ தொடங்கியபோது கொண்டாடித் தீர்த்தோம். வெளிநாட்டுத் தொடர்களைத் தேடிப் பார்த்து, நாலு பேரையும் பார்க்கவைத்து, தமிழில் எழுதவும் செய்கிற எங்களைத்தான் சொல்கிறேன். 1946, நியூயார்க். மங்கிய நிறக் கோட்டும் தொப்பியுமாக ஆண்கள் கூட்டம் வேலைக்கு விரைகிறது. நடுவில் நீல உடையும் சிவப்புத் தொப்பியுமாக பெகி கார்ட்டர். போர்க்களம் கண்ட உளவாளியை, கோப்பு அடுக்கவும் சாப்பாட்டு ஆர்டர் எடுக்கவும் வைத்திருக்கிறார்கள். பொங்கினோம். அதில் தப்பில்லை. அந்தத் தெருவிலும் அலுவலகத்திலும் யாரெல்லாம் இல்லை என்றுதான் எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் சீசனின் முதன்மை வேடங்கள் அத்தனையும் வெள்ளையருக்கே. கதை நடப்பதோ கறுப்பினத்தவரின் ஹார்லெம் பகுதி இருக்கிற ஊரில். பெகி முதலில் தோன்றிய, 2011-இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா’ படத்தின் கமாண்டோ படையில் கேப் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரும், ஜிம் மொரிட்டா என்ற ஜப்பானிய அமெரிக்கரும் உண்டு. தொடரின் ஐந்தாம் எபிசோடில் அதே படை வருகிறது. இந்த இருவரும் வரவில்லை. சாயர் என்ற கறுப்பின வீரர் வருகிறார், அந்த எபிசோடோடு சரி.

அமெரிக்காவில் அப்போதே கேள்வி எழுந்தது. எங்கள் காதிலும் விழுந்தது. ‘அந்தக் காலம் அப்படி’ என்று கடந்துபோனோம். இதைத்தான் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தை நாங்கள் படித்துப் பார்க்கவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் சுமார் 6,000 ஜப்பானிய அமெரிக்கர்கள் அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவில் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்தார்கள். அவர்களில் பலருடைய பெற்றோர் அப்போது முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். வர்ஜீனியாவில் ராணுவச் சங்கேத மையமாக இருந்த ஆர்லிங்டன் ஹாலில் கறுப்பின ஊழியர்களைத் தனியே ஒதுக்கி உட்காரவைத்து வணிகச் சங்கேதத் தந்திகளை உடைக்கவைத்தார்கள். செயின்ட் லூயிஸில் பிறந்த பாடகி ஜோசஃபின் பேக்கர், பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துக்காக இசைத்தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையில் தகவல் கடத்தினார். உளவுக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

1946 பெண்களை எப்படி நடத்தியது என்று காட்ட, தொடர் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தியது. நிறவெறியைக் காட்ட வேண்டிய இடத்தில் ஆளையே வைக்காமல் விட்டது. தமிழ்ப் படம் என்றால் எந்தத் தெருக்காரருக்கு என்ன வேடம் கொடுத்தார்கள் என்று பிரேம் பிரேமாகப் பார்க்கிறோம். அந்தக் கண்ணை இங்கே மூடிக்கொண்டோம்.

2016-இல் இரண்டாம் சீசன் லாஸ் ஏஞ்சலஸுக்கு நகர்ந்தது. ஜேசன் வில்க்ஸ் என்ற கறுப்பின விஞ்ஞானி வந்தார். ரெஜி ஆஸ்டின் அந்த வேடத்தை மிக நிதானமாக, கண்ணியமாகச் செய்தார். படித்தும் தனக்கு வேலை கொடுக்க முன்வந்தது ஒரே கம்பெனிதான் என்று வில்க்ஸ் சொல்லும் இடத்தில், முதல் சீசன் முழுக்க விடுபட்டது என்ன என்று புரிந்திருக்க வேண்டும். விரைவிலேயே ஒரு விபத்தில் அவர் உடலே இல்லாதவராகிறார்; எதையும் தொட முடியாது, யாரும் அவரைத் தொட முடியாது. ஒரே ஒரு கறுப்பினத்தவரைக் கொண்டுவந்து உருவமில்லாமல் ஆக்கியதைப் பற்றி நாங்கள் ஒரு வரி எழுதவில்லை. பெகி காதலிக்கப்போவது சக உளவாளி சூசாவையா, வில்க்ஸையா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம்.

அந்த மே மாதம் ஏபிசி தொடரை நிறுத்தியது. பெகிக்காகப் பக்கம் பக்கமாக வருந்தினோம். வில்க்ஸின் கதை என்ன ஆகும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.