கருவி சிறிதெனக் கருதலாமோ?

"இலக்கியத்திற்கு வேண்டுவது கருத்து, கருவியைப் பற்றிப் பொறியாளர் கவலைப்படட்டும்" என்னும் பேச்சு நம் சங்க மேடைகளில் அடிக்கடி எழுகிறது. செவிக்கு இனிய பேச்சுத்தான். ஆயினும் மின்னிதழ்களின் தொடக்க வரலாற்றை அறிந்தோர் இதனை ஒப்பார்.

1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் மருத்துவ ஆய்விதழ் ஒன்று காகிதத்தை முற்றும் துறந்து, கணினி வழியாகவே வெளிவரத் தொடங்கிற்று. அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகமும் ஓ.சி.எல்.சி. என்னும் நூலகக் கூட்டமைப்பும் இணைந்து நடத்திய அவ்விதழுக்கு அறிஞர் துணை இருந்தது, புகழும் இருந்தது. படங்களும் அட்டவணைகளும் திரையிலே அச்சுப்போல் பொலிந்தன. ஆனால் அதனைப் படிக்கக் 'கைடன்' என்னும் தனி மென்பொருள் வேண்டும். பத்தாண்டு நிறையுமுன்னரே இதழ் நின்றது. நின்றதற்குக் காரணம் பல. காகிதமில்லா இதழுக்குக் கட்டுரை தர ஆய்வாளர் தயங்கியதும் ஒன்று. எனினும், வாசகனை வாயிற்படியிலேயே நிறுத்தி "திறவுகோல் உண்டா?" என்று வினவும் இதழ், கூட்டம் சேரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

1990இல் தோன்றிய பிரின் மார் செவ்வியல் மதிப்புரை இதழோ வெறும் எழுத்தாக மின்னஞ்சலில் சென்றது. எக்கணினியிலும் திறந்தது, இன்றும் வெளிவருகிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. கிரேக்க மேற்கோள்களை ரோமன் எழுத்திலே பெயர்த்துத் தரவேண்டிய நிலை! கிரேக்க இலக்கியம் பேசும் ஏட்டில் கிரேக்க எழுத்துக்கு இடமில்லாமற் போனதை எளிமை என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பி மகிழ்ந்த நம்மவர்க்கு அவ்வலி விளங்கும்.

இவ்விரண்டினும் தெளிந்த வழியைக் கண்டவர் இயற்பியலார். டொனால்டு நூத் என்னும் பேராசிரியர் 1978இல் 'டெக்ஸ்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கி, உலகிற்கு விலையின்றி வழங்கினார். 1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமாசில் தொடங்கிய ஆய்வுரைக் களஞ்சியம் அதனையே பற்றிக்கொண்டது. அங்குச் சேமிக்கப்பட்டது பக்கத்தின் படம் அன்று. ஆசிரியர் தட்டெழுதிய மூலமே. பி.டி.எஃப். பிறந்தது 1993இல். அதற்கு முன்னர்ச் சேர்ந்த கட்டுரைகளையும் பின்னர் அப்புது வடிவில் வார்த்தெடுக்க முடிந்தது, மூலம் கையிலிருந்தமையால்!

நம் கதை என்ன? யூனிகோடு தன் முதற்பதிப்பிலேயே, 1991இலேயே, தமிழுக்கு இடமளித்தது. அது கணினிதோறும் வந்து சேருமுன் எழுத்துரு செய்வோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியேற்றம் வகுத்தனர். ஓர் எழுத்துருவில் 'க' என நின்ற இடம் வேறொன்றில் பிறிதோர் எழுத்தாயிற்று. டிஸ்கி ஒருபுறம், 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டில் உருவான டாம், டாப் மறுபுறம். ஆக்கியோர் உழைப்பை நான் குறை கூறவில்லை. அவர் இன்றேல் இணையத்தில் தமிழே இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் நூல்களைப் படமாக அன்றி எழுத்தாகவே காத்தமையால், அவை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்குச் சேதமின்றிப் பெயர்ந்தன.

சங்கங்களாகிய நாமோ மலரை அச்சகத்தில் ஒப்படைத்து, கட்டுகளை எண்ணி வாங்கியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். பழைய எழுத்துருவில் கோத்த கோப்பை இன்று திறந்தால் புரியாத ரோமன் குறிகளே எதிர்ப்படும். தமிழகத்திற்கு அப்பால் பிறந்து வளரும் பெயரன் தன் பாட்டனார் எழுதிய கட்டுரையைக் கைப்பேசியில் தேடினால் கிட்டுவது என்ன? "அதெல்லாம் அச்சகத்தாருக்குத்தான் தெரியும்" என்று அவனுக்கு விடை கூறப்போகிறோமா?

இவ்வாண்டு மலர்க்குழுவினர் அச்சகத்தாருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன், கட்டுரைகள் அனைத்தையும் யூனிகோடு எழுத்தில் தனிக் கோப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். படிகளை நூலகத்தில் ஒன்றும் உறுப்பினர் இருவர் இல்லங்களில் ஒவ்வொன்றுமாக வைக்க வேண்டும். விளம்பரப் பக்கங்களுக்கு நாம் காட்டும் கவலையில் கால்பங்கு போதும்.