மின்சார சைக்கிள்: சலுகை எதுவரை?

சாவியைத் திருப்பினால் போதும், வண்டி ஓடும். பெட்ரோல் வேண்டாம். புகை இல்லை. சத்தமும் இல்லை. இரவில் வீட்டிலேயே மின்சாரம் ஏற்றிக் கொள்ளலாம்.

இதுதான் மின்சார சைக்கிள். ஸ்கூட்டர் போன்ற உருவத்திலும் இது வருகிறது.

"இதற்கு லைசென்சு வேண்டாம், நம்பர் வேண்டாம்" என்று சொல்லிக் கடைக்காரர் விற்கிறார். தந்தைக்கு மகிழ்ச்சி. பள்ளிக்கூடம் போகும் மகனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து விடுகிறார்.

கடைக்காரர் சொல்வது உண்மையா? உண்மைதான். ஆனால் பாதி உண்மை! மீதிப் பாதியையும் தெரிந்து கொண்ட பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதற்கு ஓர் எல்லைக் கோடு போட்டிருக்கின்றன.

இரண்டு சக்கர மின்சார வண்டியின் மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும். பாட்டரியைக் கழித்து விட்டால் வண்டியின் எடை 60 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நல்ல பிரேக் வேண்டும். ஒளியைத் திருப்பிக் காட்டும் வில்லை முன்னால் வெள்ளையிலும், பின்னால் சிவப்பிலும் இருக்க வேண்டும். அரசு குறிப்பிட்டுள்ள சோதனை நிலையம் ஒன்று இவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். புனேயில் உள்ள மோட்டார் ஆராய்ச்சிக் கழகம் அத்தகைய நிலையங்களில் ஒன்று.

இத்தனையும் இருந்தால்தான் அது சைக்கிளுக்குச் சமம். லைசென்சு, பதிவு, இன்சூரன்சு எதுவும் கட்டாயம் இல்லை.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது மோட்டார் வண்டி! பார்வைக்குச் சைக்கிள் போல இருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அது மோட்டார் வண்டிதான்.

வினை எங்கே?

25 கிலோ மீட்டர் வேகம் சில நாளில் சலித்து விடுகிறது. "இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும்" என்று பையன் கேட்கிறான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் இணைப்பைக் கழற்றி விட ஆள் இருக்கிறார்கள். வண்டி 40, 50 என்று பறக்கிறது.

அந்த நிமிடமே சலுகை போய் விட்டது. இப்போது அது பதிவு இல்லாத மோட்டார் வண்டி. ஓட்டுகிறவனுக்கு லைசென்சு இல்லை. இன்சூரன்சு இல்லை. தலைக்கவசமும் இல்லை.

தண்டனை யாருக்கு? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. 18 வயது நிரம்பாதவர் அந்தச் சட்டத்தின்படி குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும். 3 ஆண்டு வரை சிறை. 25 ஆயிரம் ரூபாய் அபராதம். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்சும் கிடைக்காது.

ஆசையாய் வாங்கிக் கொடுத்த தந்தைக்கா இந்தக் கதி?

வேகத்தின் கணக்கு

25 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 7 மீட்டர் தூரம் ஓடும். 50-ல் போனால் 14 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால், மோதும் பலம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! இந்த மெல்லிய சட்டமும் சிறிய பிரேக்கும் அதைத் தாங்குமா?

சாலையைக் கடக்கும் ஒரு பாட்டியின் மேல் அந்த வண்டி மோதினால் என்ன ஆகும்? வண்டியில் சத்தம் இல்லை. எனவே அவர் விலகி இருக்க மாட்டார். இன்சூரன்சு இல்லாததால், கோர்ட்டு விதிக்கும் நஷ்ட ஈட்டைக் குடும்பமே கட்ட வேண்டும். நகையும் வீடும் அதற்கே போய் விடலாம்.

மெதுவாக ஓடும் வண்டி என்றாலும் எல்லாச் சட்டமும் விலகிப் போய் விடாது. பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக எந்த வண்டியை ஓட்டினாலும் குற்றம் என்று 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா கூறுகிறது.

செய்ய வேண்டியது

அப்படியானால் இந்தச் சலுகையையே எடுத்து விடலாமா? கூடாது. பூக்கூடை சுமக்கும் பெண்ணுக்கும், பெடல் மிதிக்க முடியாத முதியவருக்கும் இது பெரிய உதவி. சிலர் செய்யும் தவறுக்காக அவர்களைத் தண்டிப்பது நியாயம் ஆகாது.

ஆனால் இந்த விதியில் வயது வரம்பு எதுவும் கூறப்படவில்லை. இது பெரிய குறை. அரசு ஒரு வயதை நிர்ணயிக்க வேண்டும். இரவில் ஓட்ட விளக்கையும் கட்டாயம் ஆக்க வேண்டும். போலீசார் ஓட்டுகிற சிறுவனை மட்டும் பிடித்தால் போதாது. இணைப்பைக் கழற்றிக் கொடுத்தவரையும் பிடிக்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. சோதனை நிலையத்தின் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் சக்தியையும் வேகத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் பிள்ளையின் தலையில் கவசம் மாட்டுங்கள்.

லைசென்சு வேண்டாம் என்று சட்டம் சொல்லலாம். கவனம் வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை!